ராஜா குதித்த கட்டம்

இல்லை சார், நிற்கிறேன். ஒரு கடிதம், அதில் உங்கள் கையெழுத்து, ஐந்து நிமிட வேலை. சரி, நீங்கள் சொல்வதால் உட்காருகிறேன். நாற்காலி வேண்டாம் சார், துணி மடித்து வைத்திருக்கிறீர்கள். இந்த ஸ்டூல் போதும்.

என்னை அடையாளம் தெரிகிறதா? ஆடி மாதம், தேரடி கல்யாண மண்டபம், மாவட்டத் தொழிலாளர் செஸ் போட்டி. நீங்கள்தான் ஆர்பிட்டர். கடைசிச் சுற்றில் மூன்றாவது மேசையிலிருந்து ஒருவன் கையைத் தூக்கினானே, அவன்தான் நான். வைத்திலிங்கம், சர்க்கரை ஆலை. பாருங்கள், உங்கள் முகமும் மாறுகிறது. எல்லாருக்கும் மாறுகிறது சார். பால் வாங்கப் போனால் பால்காரருக்கே மாறுகிறது. நான் என்ன கொலையா செய்தேன்? கையைத் தூக்கினேன். கையைத் தூக்கச் சொல்லி மைக்கில் சொன்னது நீங்கள். "எதிராளி விதியை மீறினால் சண்டை போடாதீர்கள், கடியாரத்தை நிறுத்திவிட்டுக் கையைத் தூக்குங்கள்." உங்கள் வார்த்தை சார், என் வார்த்தை இல்லை.

விஷயம் இதுதான். ஆலையில் எனக்கு நிரந்தர ஆர்டர் போட வேண்டும். போடாமல் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கரும்பு யார்டு ஆட்கள் இருபத்தெட்டு பேர் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்துவிட்டார்கள், வைத்திலிங்கம் ஆடி ஜெயிக்கவில்லை, புகார் சொல்லி ஜெயித்தான் என்று. தொழிலாளர் நல அலுவலர் என்னைக் கூப்பிட்டு, "ஆர்பிட்டர்கிட்ட லெட்டர் வாங்கிட்டு வாய்யா, நாளைக்குக் காலைல பத்து மணிக்குள்ள என் மேஜைல இருக்கணும், இல்லன்னா இந்த வேலை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப் போயிடும்" என்கிறார். அடுத்த வருஷம் எனக்கு நாற்பத்தேழு சார். நாற்பத்தேழு ஆனால் நிரந்தரம் கிடையாது, வயது வரம்பு. இன்றைக்கு விட்டால் சாகிற வரைக்கும் நான் சீசன் ஆள்தான்.

சீசன் ஆள் என்றால் உங்களுக்குத் தெரியாது. நீங்கள் கணக்கு வாத்தியாராக இருந்தவர், மாதாமாதம் சம்பளம். எங்களுக்கு அப்படி இல்லை. கார்த்திகையில் அரவை தொடங்கும், சித்திரையில் முடியும். முடிந்த அன்றைக்கு கேட்டில் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போ என்பார்கள். பதினேழு வருஷம் அப்படி அட்டையைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். மீதி ஆறு மாதம் எந்த மண்டபத்துக்கு ராத்திரிக் காவல், எந்த பங்க்கில் ராத்திரிக் காவல் என்று அலைய வேண்டும். பகலில் நான் தூங்குவதைப் பார்த்து வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் எனக்கு உடம்பு சரியில்லை என்றே நினைக்கிறார்கள்.

காபியா அம்மா? சர்க்கரை போடாமல் கொடுங்கள். ஆமாம், சர்க்கரை ஆலைக்காரனுக்கே சர்க்கரை வியாதி. சிரியுங்கள், நான் ஒன்றும் நினைக்கமாட்டேன்.

என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்? ஆலைக்காக செஸ் ஆடுகிற நிரந்தர ஆள் ஒருவர் ஓய்வு பெற்றார். எங்கள் முதலாளிக்கு ஷீல்டு என்றால் உயிர். அதனால் ஒரு அறிவிப்பு போட்டார்கள். சீசன் தொழிலாளிகளில் யார் மாவட்டப் போட்டியில் மேலே வருகிறானோ அவனுக்கு எடைமேடை எழுத்தர் வேலை, நிரந்தரம், ஒரே ஒரு இடம். சீசன் ஆட்களில் செஸ் தெரிந்தவர்கள் ரெண்டே பேர். நான் ஒருத்தன், சவரிமுத்து ஒருத்தன்.

அவனையும் உங்களுக்கு நினைவிருக்கும். கறுப்பாக, உயரமாக, காதில் பேனா செருகிக்கொண்டு. நான் கையைத் தூக்கினதும் நீங்கள் வந்தீர்கள், பார்த்தீர்கள், தீர்ப்பு சொன்னீர்கள். அதற்கு முன்னால் இருந்தது உங்களுக்குத் தெரியாது. அதைத்தான் சொல்ல வந்தேன். தெரிந்தால் நீங்களே சொல்வீர்கள், லிங்கம், உன்மேல் தப்பில்லை என்று.

பதினைந்து வருஷமாக அவனும் நானும் எடைமேடை ஷெட்டில் ஒன்றாக வேலை. கரும்பு வண்டி வரிசையில் நிற்கும், எடை போடுவோம், வண்டி இல்லாத நேரத்தில் பலகையை விரிப்போம். பலகை அவனுடையது. அட்டை கிழிந்த ஒரு இங்கிலீஷ் செஸ் புத்தகத்தைப் பழைய பேப்பர் கடையிலிருந்து கொண்டுவந்திருந்தான். அவனுக்கும் இங்கிலீஷ் வராது, எனக்கும் வராது. படத்தைப் பார்த்து ஆடுவோம். அதில் முதல் படமே கிங்ஸ் கேம்பிட். ரெண்டாவது நகர்விலேயே ராஜாவுக்குப் பக்கத்தில் நிற்கிற சிப்பாயைத் தூக்கி எதிரி வாயில் வைத்துவிடுவது. எடுத்துக்கோ என்று. ராஜாவின் கதவு திறந்துகிடக்கும், ஆனால் வேகம் வந்துவிடும். ஷெட்டில் அதற்கு காவுச் சிப்பாய் என்று பெயர். வெள்ளை வந்தால் சவரி வேறு ஆட்டமே ஆடமாட்டான். கொடுப்பான், நான் எடுப்பேன். பதினைந்து வருஷமும் அப்படித்தான்.

கொடுக்கிற குணம் சார் அவனுக்கு. என் மனைவி கஸ்தூரிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தபோது என் ஷிஃப்டையும் சேர்த்து பதினோரு நாள் பார்த்தான். ஒரு தடவை எடைச் சீட்டில் நான் ஒரு வண்டியை மாற்றி எழுதிவிட்டேன். விசாரணை வந்தது. "நான்தான் சார் எழுதினேன்" என்று அவனாகவே போய் நின்றான். மெமோ அவன் பெயரில் போனது. நான் போகச் சொல்லவில்லை, கவனியுங்கள். அவனாகத்தான் போனான். என்னைவிட ரெண்டு சீசன் மூத்தவன், அதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அவன் மனைவி பிலோமினா தையல் தைக்கிறாள், அவர்களுக்கு எப்படியும் ஓடிவிடும். என் வீட்டில் அப்படி இல்லை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஷெட்டில் எங்களுக்கென்று ஒரு சட்டம் உண்டு. அங்கே ராஜாவை யானைக்குப் பின்னால் ஒளிக்கிற கோட்டை கட்டுவது கிடையாது. அதற்குப் பதிலாக ராஜா ஒரே ஒரு தடவை குதிரை மாதிரி குதிக்கலாம். செக்கில் இருந்தாலும் குதிக்கலாம். எங்கள் பக்கம் பழைய ஆட்கள் எல்லாம் அப்படித்தான் ஆடுவார்கள், நாங்களும் அப்படியே பழகிவிட்டோம். குதிக்கிறபோது "குதிச்சாச்சு" என்று வாயால் சொல்ல வேண்டும். சொல்லாமல் குதித்தால் செல்லாது. அந்தச் சொல்கிற வழக்கம் எங்கள் ஷெட்டுக்கு மட்டும் உள்ளது.

போட்டிக்குப் போகிற பஸ்ஸில் அவனிடம் நானே கேட்டேன். "சவரி, அங்க கோட்டைதான், தெரியும்ல?" என்றேன். "போடா, எனக்குச் சொல்லித் தர்றியா? நீ மறக்காம இருந்தா சரி" என்றான். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "யாருக்குக் கெடைச்சாலும் மத்தவன் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கக் கூடாது, என்ன? ஆட்டத்த ஆட்டமா ஆடணும்" என்றான். நானும் சரி என்றேன். நான்தான் எச்சரித்தேன் சார். இதையும் கடிதத்தில் ஒரு வரி சேர்க்க முடியுமா? முடியாதா? சரி, விடுங்கள்.

ஐந்து சுற்று முடிந்தது. அவனுக்கு நாலு புள்ளி, எனக்கும் நாலு புள்ளி. கடைசிச் சுற்றுக்குச் சுவரில் காகிதம் ஒட்டினீர்களே, மூன்றாவது மேசை, சவரிமுத்து வெள்ளை, வைத்திலிங்கம் கறுப்பு. அவன் காகிதத்தைப் பார்த்துச் சிரிக்கிறான். "இதுக்கு எதுக்குடா பஸ் ஏறி வந்தோம்? ஷெட்டுலயே ஆடியிருக்கலாமே!" பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் கிளம்பும்போது கஸ்தூரி சொன்னது காதிலேயே நின்றது. "ஜெயிச்சிட்டு வாங்க. இல்லன்னா இந்தக் கட்டம் போட்ட பலகை பேச்சே இனிமே இந்த வீட்டுல வேணாம். ஒவ்வொரு சித்திரையிலயும் உங்க மூஞ்சியப் பார்க்க என்னால முடியல."

உட்கார்ந்தோம், கை கொடுத்தோம். ரெண்டாவது நகர்வு, காவுச் சிப்பாய். வேலையே தொங்கிக்கொண்டிருக்கிறது, அப்போதும் அதைத்தான் கொடுக்கிறான். எடுத்தேன். எடுக்காமல் என்ன செய்வது?

பதினாலாவது நகர்வுக்குள் என் ஆட்டம் முடங்கிவிட்டது. அவன் குதிரை நடுப்பலகையில் உட்கார்ந்துவிட்டது, மந்திரி என் ராஜாவைப் பார்த்து நிற்கிறது, என் யானை ரெண்டும் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. இன்னும் நாலு நகர்வு, முடிந்தது கதை. உங்களுக்கு ஆட்டம் தெரியும், நகர்வு எழுதின நோட்டேஷன் பேப்பரில் பாருங்கள், அவன் ஆடினது எவ்வளவு அழகு என்று. நானே ரசித்தேன் சார், சத்தியமாக. பதினைந்து வருஷத்தில் அப்படி அவன் ஆடினதே இல்லை.

யோசிக்க ஆரம்பித்தேன். இருபத்திரண்டு நிமிஷம். நீங்கள்கூட மேசைப் பக்கம் வந்து கடியாரத்தைப் பார்த்துவிட்டுப் போனீர்கள். அவன் குனிந்து, "என்னா லிங்கம், தூங்கிட்டியா? வண்டி வந்துடுச்சு, எந்திரி" என்று முணுமுணுத்தான். நீங்கள் "உஷ், பேசக்கூடாது" என்றீர்கள். அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அந்த இருபத்திரண்டு நிமிஷத்தில் நான் என்ன யோசித்தேன் என்றுதான் இப்போது ஆளாளுக்குக் கேட்கிறார்கள். என்ன யோசிப்பேன்? கஸ்தூரியை யோசித்தேன். கேட்டில் அட்டையைக் கொடுப்பதை யோசித்தேன். பலகையையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கவனித்தேன், அவன் இன்னும் கோட்டை கட்டவில்லை. எட்டாவது நகர்விலேயே கட்டியிருக்கலாம், இடம் இருந்தது. முந்தைய ஐந்து ஆட்டத்திலும் கட்டினான், ஒவ்வொரு சுற்றிலும் எட்டிப் பார்த்தேனே, அழகாகக் கட்டினான். என் எதிரில் உட்கார்ந்தபோது மட்டும் கட்டவில்லை. ராஜா நடுவிலேயே நிற்கிறது. ரெண்டு கட்டம் தள்ளி ஒரு சிப்பாய் முன்னேறின இடம் காலியாக இருக்கிறது. ஷெட்டில் அவன் ராஜா எப்போதும் போய் ஒளிகிற கட்டம் அது.

நான் ராணியை ஓரத்துக்குக் கொண்டுபோய் செக் கொடுத்தேன்.

அவ்வளவுதான். செக் கொடுத்தேன். செஸ்ஸில் செக் கொடுக்கக் கூடாதா?

என்ன சார்? ஆமாம். ஆமாம், உங்களுக்குத் தெரியாமல் இருக்குமா? அவன் குதிரை வீட்டுக்கு முன்னால் இருந்த சிப்பாயை ஒரே ஒரு கட்டம் தள்ளியிருந்தால் செக்கும் போச்சு, என் ராணியும் ஓட வேண்டும், ஆட்டமும் அங்கேயே முடிந்தது. ஒத்துக்கொள்கிறேன். நல்ல செக் இல்லை. முங்குகிறவன் எதைப் பிடிப்பான்? கையில் அகப்பட்டதைத்தான் பிடிப்பான்.

அவன் ஒரு நிமிஷம்கூட எடுக்கவில்லை. ராஜாவைத் தூக்கினான். ஒரு எகிறு. அந்தக் காலிக் கட்டத்தில் வைத்தான். "குதிச்சாச்சு" என்றான். கடியாரத்தை அழுத்திவிட்டு, காதிலிருந்த பேனாவை எடுத்து எழுதக் குனிந்தான். முகத்தில் சிரிப்பு. அந்தச் சிரிப்பு எனக்குத் தெரிந்த சிரிப்பு சார். அவன் மண்டபத்தில் இல்லை. ஷெட்டில் இருந்தான். வெளியே கரும்பு வண்டி நிற்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

என் கை மேலே போனது.

நீங்கள் வந்து, "என்ன பிரச்சினை?" என்றீர்கள். "சார், ராஜா குதிரை மாதிரிப் போயிருக்கு" என்றேன். அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். ஒரு நொடிதான். பிறகு பலகையைப் பார்த்தான், பிறகு மண்டபத்துக் கூரையைப் பார்த்தான், மாட்டியிருந்த சீரியல் விளக்கையெல்லாம் இப்போதுதான் பார்க்கிற மாதிரி. "ஆமா சார், தப்புதான்" என்றான். ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கிடையாது. அவன் ஒரு சத்தம் போட்டிருந்தால் நான் விட்டிருப்பேன் சார். "டேய் லிங்கம்" என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும், மறதியில் செய்துவிட்டான் சார், பரவாயில்லை என்று நானே சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அவன்தான் எனக்கு வாய்ப்பே கொடுக்கவில்லை.

நீங்கள் எனக்கு ரெண்டு நிமிஷம் கூட்டிக் கொடுத்தீர்கள். "ராஜாவைத் தொட்டாச்சு, ராஜாவைத்தான் நகர்த்தணும்" என்றீர்கள். விதிப்படி. தொடாமல் இருந்தால் அந்தச் சிப்பாயைத் தள்ளியிருப்பான், தொட்டுவிட்டான். ராஜாவுக்குப் போக ஒரே கட்டம்தான் இருந்தது. அதில் வைத்தான். அடுத்த நகர்வில் மேட். அந்த ரெண்டு நிமிஷத்தை நான் தொடவே இல்லை சார். அப்படியே கடியாரத்தில் கிடந்தது.

கவனியுங்கள், மேட். புகார் சொன்னதற்காக நீங்கள் எனக்குப் புள்ளி கொடுக்கவில்லை. அதற்குப் பிறகும் ஆட்டம் நடந்தது, நான் ஆடித்தான் மேட் போட்டேன். இதை மட்டும் எழுதிக் கொடுங்கள். 'மேட் மூலம் வெற்றி.' மூன்று வார்த்தை.

திரும்பி வரும்போதும் ஒரே பஸ், ஒரே சீட். கடலை வாங்கி எனக்கும் கொட்டினான். சாப்பிட்டேன். கரும்பு இந்த வருஷம் செவ்வழுகல் நோயில் போச்சு என்று பேசிக்கொண்டு வந்தான். ஆட்டத்தைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. எங்கள் நிறுத்தத்தில் இறங்கும்போது, "கஸ்தூரி தங்கச்சிகிட்ட சொல்லு, நல்ல சேதின்னு" என்றான். கஸ்தூரியிடம் சொன்னேன். அவள் சந்தோஷப்பட்டாள். பிறகு, எப்படி ஜெயிச்சீங்க என்று கேட்டாள். சொன்னேன். அதிலிருந்து அவளும் சரியாகப் பேசுவதில்லை. வேலையும் வேண்டும், வேலை வந்த வழியும் மணக்க வேண்டும் என்றால் நான் எங்கே போவேன்?

அவன் அமைதியாக இருப்பதுதான் சார் எனக்குப் பயம். யார்டு ஆட்களுக்கு ஷெட் சட்டம் எப்படித் தெரியும்? இருபத்தெட்டு கையெழுத்து சும்மா விழுமா? அந்த மனுவில் அவன் கையெழுத்து இல்லை. அதுதான் சூது. பின்னால் இருந்து ஆட்டிவைத்துவிட்டு, எனக்கு ஒன்றும் தெரியாது என்று இருப்பான். எதிரில் வந்தால் நானே கேட்டுவிடுவேன். ரெண்டு மாதமாக எதிரில்கூட வரவில்லை. அவன் தெரு வழியாகப் போனால் பக்கம் என்றாலும் நான் சுற்றித்தான் போகிறேன். எனக்கு என்ன பயம்? வெயில் அந்தப் பக்கம் அதிகம்.

ஏன் சார் எழுந்துவிட்டீர்கள்? நான் ஏதாவது தப்பாகப் பேசிவிட்டேனா? பேப்பர் நானே கொண்டுவந்திருக்கிறேன், பேனாவும் இருக்கிறது.

இது என்ன கவர்?

எழுதியே வைத்திருக்கிறீர்களா? எப்போது? முந்தாநாளா? நான் வருவேன் என்று உங்களுக்கு எப்படி... யார்? யார் வந்து கேட்டது?

சவரியா?

இல்லை சார், நீங்கள் வேறு யாரையோ சொல்கிறீர்கள். உயரமாக, கறுப்பாக... ஆமாம். காதில் பேனா. ஆமாம்.

எனக்கு லெட்டர் எழுதிக் கொடுக்கச் சொல்லி அவன் வந்தானா? என்ன சொன்னான்? "சீக்கிரம் எழுதி வச்சிடுங்க சார், இல்லன்னா அவன் வந்து உங்களுக்கு ரெண்டு மணி நேரம் கதை சொல்லுவான்" என்றா? சொல்லுவான். அப்படித்தான் பேசுவான் அவன். வேறு? சிரிக்காமல் சொல்லுங்கள். ஒசூரா? மச்சான் வீட்டுக்கு, குடும்பத்தோடா? இந்த அரவைக்கு வரமாட்டானாமா? ஆலை திறக்க இன்னும் ஒரு வாரம்தானே இருக்கிறது, அதற்குள் என்ன அவசரம் அவனுக்கு?

ஆட்டத்தைப் பற்றி ஏதாவது சொன்னானா? இல்லை, மறைக்காதீர்கள், நீங்கள் கண்ணாடியைத் துடைப்பதிலிருந்தே தெரிகிறது. சொல்லுங்கள் சார். நான் தாங்கிக்கொள்வேன்.

என்ன?

இன்னொரு தடவை சொல்லுங்கள். அவன் சொன்ன மாதிரியே சொல்லுங்கள்.

"அது ரொம்பத் தப்பான செக்கு சார். லிங்கம் அவ்ளோ மோசமா ஆடுறவன் இல்ல. நான் குதிப்பேன்னு என்னை நம்பித்தான் அந்தச் செக்கைக் குடுத்தான்."

நம்பித்தான் என்றானா? அந்த வார்த்தையா?

கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள் அம்மா. இல்லை, ஒன்றுமில்லை, ராத்திரி முழித்த உடம்பு, கொஞ்சம் கிறுகிறுப்பு. உட்கார்ந்துதானே இருக்கிறேன். இதோ, சரியாகிவிட்டது.

லெட்டரைப் பார்க்கிறேன். '...மூன்றாவது மேசையில் கறுப்புக் காய்களுடன் ஆடிய திரு. வைத்திலிங்கம் மேட் மூலம் வெற்றி பெற்றார். ஆட்டம் விதிகளின்படியே நடைபெற்றது.' ஆமாம். விதிகளின்படியே. சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். தேதி இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது.

நான் வேண்டாம் என்று சொன்னால் இந்த வேலை அவனுக்குப் போகுமா சார்? போகாதா? யாருக்கும் போகாதா? அப்படியே அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவிடுவார்களா? அப்படியென்றால் நான் வேண்டாம் என்று சொல்வதில் யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை. இல்லையா? நீங்கள் கணக்கு வாத்தியார், நீங்களே சொல்லுங்கள்.

சரி. நான் கிளம்புகிறேன். பத்து மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் நாளைக்கு... இல்லை, நாளைக்குத்தான் பத்து மணி. இப்போது சாயங்காலம். பாருங்கள், எனக்கு நேரமே புரியவில்லை.

சார். ஒரு நிமிஷம், கோபப்படாதீர்கள்.

இதில் சீல் இல்லையே. ஆர்பிட்டர் சீல் இல்லாமல் எங்கள் ஆபீசில் எந்தக் காகிதத்தையும் கையில் தொடமாட்டார்கள். இருக்கிறதா? அந்த மேசை டிராயரில்தானே? நானே எடுக்கிறேன், நீங்கள் உட்காருங்கள்.

மைப் பேட் காய்ந்துபோயிருக்கிறதா? பரவாயில்லை சார், இந்த டம்ளரில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் இருக்கிறது. ரெண்டு சொட்டு விடுங்கள். அழுத்திப் பிடித்தால் விழுந்துவிடும்.